இசட் டிரைவ் எங்க போச்சு? ஒபிஸ் கொம்பியூட்டர்களில பைல் பாதையளை ஒழுங்குபடுத்துறது

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கான வழமையான சப்போர்ட் முடிஞ்சுது. அதால இப்ப கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், அரிசி ஆலை, சின்னச் சின்ன ஒபிஸ் எண்டு கன இடங்களில பழைய மிசினைக் கழட்டிப்போட்டு விண்டோஸ் 11 மிசின் பூட்டுற வேலை நடக்குது. புது மிசின் வேகமாத்தான் ஓடும், ஆனா அடுத்த நாள் காலமை கணக்குப் பைலைத் திறந்தால் பாதையைக் காணேல்லை எண்டு வரும், நெட்வேர்க்கில இருக்கிற பொது ஃபோல்டரைக் காட்டுற இசட் டிரைவில சிவப்புப் புள்ளடி கிடக்கும், எக்செலில லிங்க் போட்டு வச்ச தொகையெல்லாம் பிழையாக் காட்டும். உடன ஆக்கள் சொல்லுறது டேட்டா அழிஞ்சு போச்சு எண்டு. அநேகமா ஒண்டும் அழிஞ்சிருக்காது. பைல் இருந்த இடத்திலயே இருக்கு, அதுக்குப் போற விலாசம்தான் மாறிப்போச்சு.

இந்த விலாசம் எப்பிடி வேலை செய்யுது, ஏன் உடையுது, நாலஞ்சு மிசின் இருக்கிற ஒரு இடத்தில அதை எப்பிடி ஒழுங்கா வைக்கலாம் எண்டு அடியில இருந்து பாப்பம்.

பாதை எண்டால் என்ன

ஒரு பைல் எந்த டிரைவில, எந்த ஃபோல்டருக்குள்ள, அதுக்குள்ள எந்த ஃபோல்டரில கிடக்கு எண்டு வரிசையாச் சொல்லுற எழுத்துத்தான் பாதை. விண்டோஸில அது இப்பிடி இருக்கும்:

டி:\கணக்கு\2026\காலபோகம்\நெல் கொள்வனவு

முதல் எழுத்து டிரைவ், பிறகு ஒவ்வொரு பின்சாய்கோட்டுக்கும் அங்கால ஒரு ஃபோல்டர், கடைசியா பைல். 1981இல வந்த முதல் டொஸ்ஸில, அதாவது விண்டோஸுக்கு முந்தின சிஸ்டத்தில, ஃபோல்டரே இல்லை, எல்லாப் பைலும் ஒரு டிஸ்கில ஒரே குவியலாத்தான் கிடந்தது. 1983இல டொஸ் 2.0 வரேக்கதான் ஃபோல்டர் வந்தது, அப்ப முன்சாய்கோட்டை ஏற்கெனவே கட்டளைக்குப் பாவிச்சுக்கொண்டு இருந்தபடியா ஃபோல்டருக்குப் பின்சாய்கோட்டை எடுத்தாங்கள். யூனிக்ஸ், லினக்ஸ், மக் எல்லாத்திலயும் முன்சாய்கோடுதான். ஏ, பி ரெண்டும் ஃப்ளொப்பி டிஸ்குக்குப் போனதால ஹார்ட் டிஸ்குக்கு சி கிடைச்சுது, ஃப்ளொப்பி போய்க் கனகாலமாகியும் அந்த சி இண்டைக்கும் அப்பிடியே இருக்கு.

பாதையில ரெண்டு விதம் இருக்கு, இதை விளங்கிக்கொண்டால் பிறகு வாறது லேசு.

1. முழுப்பாதை. டிரைவில தொடங்கிப் பைல் வரைக்கும் எல்லாம் எழுதுறது. எங்க நிண்டு பாத்தாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும், ஆனா இடையில ஒரு ஃபோல்டர் பேர் மாறினாலும் உடைஞ்சிடும்.

2. சார்புப்பாதை. இப்ப நிக்கிற இடத்தில இருந்து சொல்லுறது. பரந்தன் சந்தியில நிக்கிற ஒருத்தருக்கு "உதால திரும்பி மூண்டாவது ஒழுங்கை" எண்டு வழி சொல்லுற மாதிரி, நிக்கிற சந்தி மாறினால் அந்த வழி வேற எங்கயோ கொண்டுபோய் விடும். ஆனா பைலையும் அது தேடுற மற்றப் பைலையும் சேர்த்து ஒரே ஃபோல்டராத் தூக்கி வேற இடத்தில வச்சால் சார்புப்பாதை உடையாது.

இன்னொண்டு, இதைத்தான் கனபேர் யோசிக்கிறேல்லை. டி:\கணக்கு எண்ட பாதை உங்கட மிசினிலயும் இருக்கும், பக்கத்து மேசை மிசினிலயும் இருக்கும், ரெண்டும் ரெண்டு வேற இடம். லோக்கல் பாதை அந்த மிசினுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஒரு பைலுக்குள்ள டி:\ எண்டு தொடங்கிற லிங்கைப் போட்டு ஈமெயிலில அனுப்பினால், வாங்கினவரின்ர மிசின் தன்ர டி டிரைவிலதான் போய்த் தேடும்.

டெஸ்க்டொப்பில வைக்கிற பைலும் லோக்கல் பைல்தான். அதோட விண்டோஸ் 11இல மைக்ரோசொவ்ட் அக்கவுண்டால உள்ளிட்டு வன்டிரைவ் பக்கப் ஓன் ஆகிச்செண்டால் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ் ரெண்டும் வன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள போயிடும். கண்ணுக்கு அதே டெஸ்க்டொப்தான், உள்ளுக்குப் பாதை மாறிப்போச்சு, பழைய லிங்க் எல்லாம் பழைய இடத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கும்.

நெட்வேர்க் பாதை

ஒரு மிசினில இருக்கிற ஃபோல்டரை மற்ற மிசினுகளும் திறக்கிற மாதிரி விடுறதுதான் ஷெயார் பண்ணுறது. விண்டோஸில இதுக்குப் பின்னால ஓடுற மொழி எஸ்எம்பி, 1980களின்ர தொடக்கத்தில ஐபிஎம்மில உருவானது. யூனிக்ஸ், லினக்ஸ் மிசினுகளும் அதே மொழியைக் கதைக்கிறதுக்கு 1990களின்ர தொடக்கத்தில ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அவுஸ்திரேலியாவில எழுதத் தொடங்கினதுதான் சம்பா. இப்ப கடையில வாங்குற நாஸ் பெட்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் போட்டு நெட்வேர்க்கில கொழுவி விடுற பெட்டி, அதில அநேகமானது உள்ளுக்கு லினக்ஸும் சம்பாவும்தான்.

ஷெயார் பண்ணின ஃபோல்டருக்கு விலாசம் இப்பிடி:

\\கோப்பகம்\கணக்கு\2026\காலபோகம்

ரெண்டு பின்சாய்கோடு, மிசினின்ர பேர், பிறகு ஷெயாரின்ர பேர், பிறகு உள் ஃபோல்டர். இதுக்கு யூஎன்சி பாதை எண்டு பேர். இங்க வாசிக்க லேசா இருக்கட்டும் எண்டு மிசின் பேரையும் ஷெயார் பேரையும் தமிழில எழுதுறன், நீங்கள் வைக்கேக்க அந்த ரெண்டையும் ஆங்கில எழுத்தில வையுங்கோ, காரணம் கீழ வருது.

இந்த நீட்டுப் பாதைக்குப் பதிலா ஒரு எழுத்தைக் குடுத்து இசட்:\ எண்டு காட்டுறதுதான் மப் பண்ணுறது. இசட் எண்டு தனியா ஒரு டிரைவ் இல்லை, அது ஒரு சுட்டுப்பேர். ஒவ்வொரு மிசினிலயும் ஒவ்வொரு யூசரும் தனித்தனியா வச்சுக்கொள்ளுற சுட்டுப்பேர். அதே ஷெயார் லினக்ஸில ஏதாவதொரு ஃபோல்டரின்ர இடத்தில கொழுவப்படும், மக்கில வொலியூம்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள தெரியும். ஆகவே ஒரே பைலுக்கு மூண்டு சிஸ்டத்தில மூண்டு விலாசம், விண்டோஸுக்குள்ளயே ரெண்டு விலாசம்.

எங்கெங்க உடையுது

துணுக்காய்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்க ஒபிஸ் எண்டு வையுங்கோவன். கணக்கு மிசின், முகாமையாளரின்ர லப்டொப், களஞ்சிய மிசின், முன் கவுண்டர் மிசின். காலபோக அறுவடை முடிஞ்சு நெல் வாங்குற காலம், களஞ்சியத்தில நிறுத்து எழுதுற எக்செல் பைலில இருந்து கணக்கு மிசினில இருக்கிற மொத்தப் பைலுக்கு லிங்க் போகுது. இந்த ஒபிஸில உடையக்கூடிய இடங்கள்:

1. எழுத்து வித்தியாசம். கணக்கு மிசினில அந்த ஷெயார் இசட், லப்டொப்பில அதே ஷெயார் எக்ஸ், ஏனெண்டால் பூட்டினவர் வேற நாள் வேற எழுத்தைத் தெரிஞ்சிட்டார். எக்செல் ஒரு லிங்கைப் பதியேக்க அந்தப் பைலை எந்த வழியால திறந்தீங்களோ அந்த வழியைத்தான் பதியும். இசட்டால திறந்து போட்ட லிங்க் இசட்டைத்தான் தேடும். லப்டொப்பில இசட் இல்லை, கதை முடிஞ்சுது.

2. ஐபி இலக்கம். \\192.168.1.20\கணக்கு எண்டு போட்டிருப்பினம், அண்டைக்கு அது வேலை செய்திருக்கும். நெட்வேர்க்கில மிசினை அடையாளம் காட்டுற அந்த இலக்கத்தைக் குடுக்கிறது ரூட்டர். கரண்ட் போய் வந்தாலோ ரூட்டரை மாத்தினாலோ அதே மிசினுக்கு வேற இலக்கம் வரலாம்.

3. ஆளின்ர பேரில மிசின். புதுசா மிசின் வாங்கேக்க யாரிட்ட குடுத்தினமோ அவரின்ர பேரே மிசினுக்கும் வந்திடும். அவர் இடமாற்றத்தில போன பிறகும் எல்லாப் பைலும் அவற்ற பேரைத்தான் தேடும், இல்லாட்டி வாறவர் பேரை மாத்துவார், மாத்தின நிமிசம் எல்லா லிங்கும் போச்சு.

4. பென் டிரைவும் வெளி ஹார்ட் டிஸ்கும். கொழுவுற நேரம் எந்த எழுத்து சும்மா இருக்கோ அதைத்தான் விண்டோஸ் குடுக்கும். நேற்று எஃப், இண்டைக்கு ஜி. நெட்வேர்க் டிரைவுக்கும் எஃப், ஜி மாதிரி முன் எழுத்தைக் குடுத்து வச்சால் ரெண்டுக்கும் இழுபறி.

5. இரவில ஓடுற பக்கப். இதைக் கொஞ்சம் நிண்டு பாக்க வேணும், ஏனெண்டால் இது சத்தமில்லாமல் பிழைக்கிறது. மப் பண்ணின எழுத்து உள்ளிட்ட யூசருக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தரும் உள்ளிடாமல் சிஸ்டத்தின்ர பேரில தானா ஓடுற வேலைக்கு இசட் எண்டு ஒண்டே இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டுற புரோகிராமுக்கும் அநேகமா அப்பிடித்தான். ஆகவே பகலில நீங்கள் கையால ஓட்டிப் பாக்கேக்க பக்கப் வடிவா ஓடும், இரவில தானா ஓடேக்க பாதையைக் காணேல்லை எண்டு நிண்டுடும், ஹார்ட் டிஸ்க் போற அண்டைக்குத்தான் மாசக்கணக்கா பக்கப்பே இல்லை எண்டு தெரியவரும். பக்கப்புக்கு எப்பவும் யூஎன்சி பாதையைத்தான் குடுக்க வேணும், ஷெயாரைத் திறக்கிற உரிமை உள்ள ஒரு யூசரின்ர பேரில அதை ஓட விடவும் வேணும்.

இந்த அஞ்சுக்கும் வேர் ஒண்டுதான். மாறக்கூடிய ஒரு சாமானின்ர பேரைப் பாதைக்குள்ள எழுதி வச்சிருக்கிறம். பெட்டி மாறும், ஆள் மாறும், இலக்கம் மாறும், எழுத்து மாறும். மாறாதது வேலை. கணக்கு எண்ட வேலை அடுத்த பத்து வருசத்துக்கும் கணக்குத்தான். அதால பாதையில வேலையின்ர பேர்தான் இருக்க வேணும்.

தமிழில பேர் வைக்கலாமோ

வைக்கலாம், வைக்கத்தான் வேணும். அங்கத்தவரின்ர ஃபோல்டரை ஆங்கில எழுத்தில ஆளுக்கொரு மாதிரி எழுதிப்போட்டுத் தேடித் திரியிறதை விடத் தமிழில ஒரே மாதிரி எழுதுறது எவ்வளவோ நல்லது. ஆனா தமிழுக்கெண்டு சில பொறிகள் இருக்கு, ஆங்கிலத்தில எழுதின கையேடுகளில இதுகள் வராது.

பாமினி. கனகாலமா எங்கட ஒபிஸ்களில கடிதம் அடிச்சது பாமினியில. பாமினி எண்டது எழுத்துருவின்ர உருவம் மட்டும்தான், உள்ளுக்கு இருக்கிறது ஆங்கில எழுத்து, குற்றுப்புள்ளியின்ர இடத்தில அரைப்புள்ளிக் குறி. வேர்டுக்குள்ள அது தமிழாத் தெரியும், பைல் பேரா அடிச்சால் விண்டோஸ் அதைத் தன்ர எழுத்துருவிலதான் காட்டும், ஒருத்தருக்கும் வாசிக்கேலாத ஆங்கிலக் குப்பையா வரும். அப்பிடிப் பேர் வச்ச பழைய பைல் இருந்தால் புது இடத்துக்குக் கொண்டுபோக முதல் பேரை யூனிகோட்டுக்கு, அதாவது எந்த எழுத்துருவிலயும் தமிழாவே தெரியிற எழுத்துமுறைக்கு, மாத்துங்கோ, உள்ளடக்கத்தைப் பிறகு ஆறுதலா மாத்தலாம்.

ஒரே மாதிரித் தெரியிற ரெண்டு பேர். பூநகரிப் பக்கத்துக் கௌதாரிமுனையை எடுங்கோ. முதல் எழுத்தைச் சரியா அடிச்சால் ககரத்துக்குப் பிறகு ஔகாரக் குறி எண்ட ஒரே குறி. ஆனா கனபேர் ககரம், எகரக் கொம்பு, பிறகு ளகரம் எண்டு மூண்டு அடிச்சு கெளதாரிமுனை எண்டு எழுதினம். திரையில பாத்தால் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. கொம்பியூட்டருக்கு ரெண்டும் ரெண்டு ஊர். ஒரே கிராமத்துக்கு ரெண்டு ஃபோல்டர் உருவாகி, பாதி அங்கத்தவர் விபரம் ஒண்டுக்கும் மீதி மற்றதுக்கும் போய், தேடேக்க ஒண்டு மட்டும் வரும்.

இதை விட ஆழமான ஒண்டு ஒகர, ஓகார, ஔகாரக் குறியளில இருக்கு. யூனிகோட்டில கொ எண்டதின்ர ஒகரக் குறியை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு ஒண்டு கால் ஒண்டு எண்டு ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம், ரெண்டும் முறைப்படி சரி. விண்டோஸில அடிக்கேக்க அநேகமா ஒரே குறியா வரும். மக்கின்ர பழைய பைல் முறை பைல் பேரைச் சேமிக்கேக்க தானாவே பிரிச்சுப்போடும். விண்டோஸின்ர பைல் முறையான என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸும் வழமையா இதைச் சரிபாக்காது, வந்ததை அப்பிடியே எழுதி வைக்கும். அதால ஒரு ஃபோல்டருக்குள்ள "கொள்வனவு" எண்டு ரெண்டு பைல் பக்கத்தில பக்கத்தில கிடக்கலாம், ரெண்டும் கள்ளமில்லாத தனித்தனிப் பைல்.

நீளம். அதே "கொள்வனவு" எண்ட சொல்லையே வச்சுப் பாப்பம். கண்ணுக்கு அஞ்சு எழுத்து: கொ, ள், வ, ன, வு. விண்டோஸ் எண்ணுறது எட்டு, ஏனெண்டால் ஒகரக் குறி, புள்ளி, உகரக் குறி மூண்டையும் தனித்தனியா எண்ணும். லினக்ஸ் நாஸ் பெட்டி எண்ணுறது 24, ஏனெண்டால் அது பைட் கணக்கு, யூனிகோட் தமிழ்க் குறி ஒவ்வொண்டுக்கும் மூண்டு பைட். இது ஏன் முக்கியமெண்டால்:

1. விண்டோஸில முழுப்பாதைக்கு வழமையான எல்லை 260 எழுத்து, டிரைவ் எழுத்தும் முடிவுக்குறியும் சேர்த்து. 2016இல விண்டோஸ் 10 1607இல இருந்து இதைத் தளர்த்தலாம், ஆனா செற்றிங்கை மாத்தவும் வேணும், அந்த அந்த சொவ்ட்வெயாரும் ஒத்துழைக்க வேணும். எக்செல் 218க்கு மேல போனால் திறக்க மறுக்கும்.

2. லினக்ஸில வழமையா ஒரு பேருக்கு எல்லை 255 பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து, தமிழுக்கு 85 குறி மட்டும். கடிதத் தலைப்பை முழுசாப் பைல் பேராப் போடுற பழக்கம் எங்கட ஒபிஸ்களில இருக்கு, விண்டோஸ் மிசினில அது சேவ் ஆகும், நாஸுக்குக் கொப்பி பண்ணேக்க மறுக்கும்.

3. மப் பண்ணின எழுத்து நீளத்தை ஒளிச்சு வைக்கும். இசட்:\ எண்டு மூண்டு எழுத்தில தொடங்கி 255 வரைக்கும் ஒருத்தர் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் உண்டாக்கலாம். ஆனா அதே பைல் ஷெயார் இருக்கிற மிசினில டி:\பகிர்வு\கணக்கு\ எண்டு தொடங்கும், அங்க கூட்டிப் பாத்தால் 260ஐத் தாண்டிடும். அந்த மிசினில ஓடுற பழைய பக்கப் சொவ்ட்வெயார் அந்தப் பைலை விட்டிட்டுப் போயிடும்.

மிசின் பேரும் ஷெயார் பேரும் ஆங்கிலத்தில இருக்கட்டும் எண்டு சொன்னதுக்குக் காரணம் இதுகளோட இன்னும் ரெண்டு இருக்கு. பழைய முறை மிசின் பேருக்கு 15 எழுத்துத்தான் இடம். ஸ்கேன் பண்ணி நேரா ஃபோல்டருக்கு அனுப்புற போட்டோ கொப்பி மிசினுகள் கனக்கத்துக்குத் தமிழ்ப் பாதை விளங்காது. அதுக்குள்ள இருக்கிற ஃபோல்டர், பைல் எல்லாம் தமிழில இருக்கலாம்.

ஒழுங்கை எப்பிடிப் போடுறது

மேல சொன்ன நாலு மிசின் ஒபிஸுக்கு நான் போடச் சொல்லுற ஒழுங்கு இது. பெரிய சேவர், டொமைன் ஒண்டும் தேவையில்லை. இருபது மிசினுக்கு உட்பட்ட இடமெண்டால் ஒரு சாதாரண விண்டோஸ் புரோ மிசினே ஷெயாருக்குக் காணும், ஒரே நேரத்தில 20 தொடர்பு வரைக்கும் அது ஏற்கும். இருந்தாலும் ஒருத்தர் இருந்து வேலை செய்யிற மிசினை ஷெயாருக்குப் பாவிக்காதேங்கோ, அவர் பின்னேரம் ஓஃப் பண்ணிட்டுப் போனால் எல்லாரும் நிண்டுடுவினம்.

1. பைல் இருக்கிற பெட்டிக்கு அதின்ர வேலையைச் சொல்லுற பேர் ஒண்டு. கோப்பகம் எண்டு வச்சால் கோப்பகம்தான். நாளைக்குப் புதுப்பெட்டி வாங்கினாலும் பழையதின்ர பேரை மாத்திப்போட்டு அதே பேரைப் புதுசுக்குக் குடுக்க வேணும், அப்ப ஒரு லிங்கும் உடையாது. ரூட்டரில அந்தப் பெட்டிக்கெண்டு ஒரு ஐபி இலக்கத்தை ஒதுக்கியும் விடுங்கோ. இலக்கத்தை ஒதுக்குறது பெட்டியைக் கண்டுபிடிக்க, பாதையில எழுதுறது பேரைத்தான்.

2. ஷெயார் வேலைப்படி. கணக்கு, கொள்வனவு, அங்கத்தவர், பொது. நாலு போதும். யார் பாக்கலாம் யார் எழுதலாம் எண்டதும் இந்த மட்டத்திலயே முடியட்டும். உள் ஃபோல்டருக்கு உள் ஃபோல்டர் தனித்தனி உரிமை குடுக்க வெளிக்கிட்டால் ஒரு வருசத்தில ஒருத்தருக்கும் விளங்காது. விண்டோஸில ஷெயாருக்கு ஒரு உரிமை, ஃபோல்டருக்கு ஒரு உரிமை எண்டு ரெண்டு அடுக்கு இருக்கு, ரெண்டில எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

3. எழுத்து எல்லா மிசினிலயும் ஒண்டு. சி சிஸ்டத்துக்கு, டி உள் டேட்டாவுக்கு, ஈ தொடங்கி எல் வரை பென் டிரைவுக்கும் வெளி டிஸ்குக்கும் விட்டிடுங்கோ, எம் தொடங்கி இசட் வரை நெட்வேர்க்குக்கு. கணக்கு எம் எண்டால் எல்லா மிசினிலயும் எம். இது மனிசருக்கு மட்டும். லிங்க், பக்கப், புரோகிராம் செற்றிங் எல்லாத்திலயும் யூஎன்சி.

4. ஷெயாருக்குள்ள முதல் மட்டம் வருசம், பிறகு போகம் அல்லது மாசம், பிறகு பைல். நாலு மட்டத்துக்குக் கீழ போனால் எங்கயோ பேர் ரெண்டு தரம் வருது எண்டு அர்த்தம். திகதியை 2026-02-15 எண்டு வருசம் முன்னுக்கு வச்சு எழுதினால் பேர் வரிசையும் கால வரிசையும் ஒண்டா வரும். சாய்கோடு போட்டுத் திகதி எழுதேலாது, சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், நட்சத்திரக்குறி ஒண்டையும் விண்டோஸ் பேருக்குள்ள விடாது. பேரின்ர கடைசியில புள்ளியோ இடைவெளியோ வேண்டாம்.

5. கிராமம், போகம், பொருள் இதுகளின்ர பேரை ஒரே ஒருக்கா ஒரு பைலில சரியா எழுதி வச்சு அதில இருந்து கொப்பி பண்ணுங்கோ. கௌதாரிமுனைப் பிரச்சினைக்கு இதைவிட வேற மருந்து இல்லை.

6. இதெல்லாத்தையும் ஒரு ஏ4 பேப்பரில எழுதி மிசினுக்குப் பக்கத்துச் சுவரில ஒட்டுங்கோ. பாதை ஒழுங்கு ஒருத்தரின்ர மண்டைக்குள்ள மட்டும் இருந்தால் அவர் லீவில போற அண்டைக்கு ஒழுங்கும் லீவு.

வவுனியாவில தலைமை ஒபிஸ், மாங்குளத்தில கிளை எண்டு ரெண்டு இடம் இருந்தால் இது அப்பிடியே காணாது. ரூட்டரில எஸ்எம்பியின்ர 445ஆம் வாசலை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடுறதை ஒருக்காலும் செய்யாதேங்கோ. 2017 மே மாசம் வனாக்ரை எண்ட, பைலைப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ் உலகம் முழுக்கப் பரவினது எஸ்எம்பியின்ர முதலாம் பதிப்பில இருந்த ஓட்டையாலதான். இன்டர்நெட்டுக்குள்ளால ரெண்டு இடத்தையும் பாதுகாப்பா இணைக்கிற விபிஎன் போட்டுத்தான் இணைக்க வேணும், அதுக்கு முதல் ரெண்டு இடத்து ரூட்டரும் ஒரே 192.168.1 இலக்கத்தில ஓடுதோ எண்டு பாத்து ஒண்டை மாத்த வேணும், இல்லாட்டி எந்தப் பக்கத்து மிசினைத் தேடுறது எண்டு குழம்பிடும். இணைச்சாலும் எஸ்எம்பி தூர லைனில மெதுவாத்தான் ஓடும், அதால கிளைக்கெண்டு தனி ஷெயாரை அங்கயே வச்சு இரவில தலைமை ஒபிஸுக்குப் பிரதி எடுக்கிறது நல்லது.

விண்டோஸ் 11இல புதுசா என்ன மாறினது

பாதை சரியா இருந்தும் திறக்குதில்லை எண்டால் அநேகமா காரணம் இதுக்குள்ள இருக்கும்.

1. 2024இல வந்த 24எச்2 பதிப்பில, புரோ மிசினுகளில, பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தாளியா ஷெயாருக்குள்ள போறது வழமையாவே தடை. முந்தி எல்லாருக்கும் திறந்து விட்ட ஷெயார் இப்ப திறக்காது. அதே பதிப்பில ஒவ்வொரு எஸ்எம்பிச் செய்தியும் கையொப்பத்தோட வர வேணும் எண்டதும் கட்டாயம் ஆக்கினவை, பழைய நாஸ் பெட்டி அதைச் செய்யாட்டி தொடர்பு அறுந்திடும். இணையத்தில கேட்டால் அந்தப் பாதுகாப்பை ஓஃப் பண்ணச் சொல்லித்தான் கனபேர் சொல்லுவினம். அங்கத்தவரின்ர அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் கிடக்கிற இடத்தில அது கூடாது. பெட்டியில ஆளுக்கொரு யூசரும் பாஸ்வேர்டும் உண்டாக்குங்கோ, பெட்டியின்ர சொவ்ட்வெயாரை அப்டேட் பண்ணி அதில கையொப்பத்தை ஓன் பண்ணுங்கோ.

2. பின் இலக்கம் நெட்வேர்க்குக்குச் செல்லாது. காலமை நாலு இலக்கம் அடிச்சு மிசினைத் திறக்கிறவர் ஷெயார் பாஸ்வேர்ட் கேக்கேக்கயும் அதையே அடிப்பார், பிழை எண்டு வரும். கேக்கிறது பெட்டியில உண்டாக்கின யூசரின்ர பாஸ்வேர்ட்.

3. பழைய போட்டோ கொப்பி மிசின் சிலது முதலாம் பதிப்பு எஸ்எம்பி மட்டும்தான் கதைக்கும். விண்டோஸ் அதை 2017 முடிவில இருந்தே கழட்டிக்கொண்டு வருது. ஸ்கேன் பண்ண மட்டும் எண்டு அதைத் திரும்பப் போடுறதை விட ஸ்கேனை ஈமெயிலுக்கு அனுப்புற மாதிரி மாத்துறது நல்லது.

4. ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில ரெண்டு யூசர் பேரில போக விண்டோஸ் விடாது. கணக்கு ஷெயாருக்கு ஒரு பேர், பொதுவுக்கு வேற பேர் எண்டு போட்டால் ரெண்டாவது மறுக்கப்படும்.

பழைய இடத்தில இருந்து மாறுறது

ஒரே இரவில எல்லாத்தையும் தூக்கி வைக்காதேங்கோ, அதுவும் நெல் வாங்குற காலத்தில வேண்டவே வேண்டாம். சிறுபோகத்துக்கும் காலபோகத்துக்கும் இடையில வேலை குறைஞ்ச கிழமை ஒண்டைத் தெரியுங்கோ.

முதல் ஒவ்வொரு மிசினிலயும் என்னென்ன எழுத்து எந்த யூஎன்சிக்குப் போகுது எண்டு எழுதி எடுங்கோ, கொமாண்ட் புரொம்டில நெட் யூஸ் எண்டு அடிச்சால் பட்டியல் வரும். எக்செல் பைலுகளில டேட்டா மெனுவில லிங்க் பட்டியலைத் திறந்து எது எங்க பாக்குது எண்டும் குறியுங்கோ. பிறகு முழு பக்கப் ஒண்டு வெளி டிஸ்கில எடுத்து, அதில இருந்து நாலஞ்சு பைலைத் திறந்து பாத்த பிறகுதான் கொப்பி பண்ணத் தொடங்க வேணும். வெட்டி ஒட்டாதேங்கோ, கொப்பி மட்டும். கரண்ட் இடையில போனால் வெட்டினது பாதி அங்கயும் பாதி இங்கயும் நிக்கும். பெட்டிக்கு மட்டுமில்லை, ரூட்டருக்கும் ஸ்விச்சுக்கும் சேர்த்து யூபிஎஸ் தேவை, பெட்டி ஓடி ஸ்விச் நிண்டாலும் திறந்து வச்ச பைல் பழுதாகலாம்.

நெட்வேர்க் டிரைவில அழிச்ச பைல் உங்கட மிசினின்ர ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராப் போயிடும். நாஸ் பெட்டியள் கனக்கத்தில ஷெயாருக்கெண்டு தனி ரீசைக்கிள் பின் இருக்கு, ஆனா அதை நீங்கள்தான் ஓன் பண்ண வேணும். ஆக்களைப் புது ஷெயாருக்கு விட முதல் இதைச் செய்து, ஒரு பைலை அழிச்சுத் திரும்ப எடுத்தும் பாருங்கோ.

கொப்பி முடிஞ்ச உடன பழைய ஷெயாரை வாசிக்க மட்டும் எண்டு மாத்திவிடுங்கோ. திறந்து பாக்கலாம், எழுதேலாது. இப்பிடி விட்டால் எந்தப் பைல், எந்தப் புரோகிராம் இன்னும் பழைய பாதையைத் தேடுது எண்டு சேவ் பண்ண ஏலாமல் முறையிடேக்க ஒண்டொண்டா வெளிய வரும், அதுகளைப் புதுப் பாதைக்கு மாத்திக்கொண்டு போகலாம். வருசக் கணக்கு ஒடிட் முடியிற வரைக்கும் பழையதை அப்பிடியே வச்சிருந்து, ஒடிட்காரருக்கு வேண்டிய பைலெல்லாம் புது இடத்தில திறக்குது எண்டு பாத்த பிறகு அந்த டிஸ்கைக் கழட்டி, மேல திகதி எழுதி, பூட்டின அலுமாரியில வையுங்கோ.